நோட்டை வாங்குறீங்களா, நம்பரை வாங்குறீங்களா?

செமஸ்டர் முடிஞ்சு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடச்சிருக்கு. சினிமா, கிரிக்கெட், கேன்டீன் சாம்பார்னு எல்லாத்தையும் எழுதியாச்சு. இன்னிக்கு கொஞ்சம் சூடான பதிவு. பழைய ரூபாய் நோட்டு சேக்கிற நம்மாளுங்களைப் பத்தி.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலம், சரசோட்டா ஊர்ல பி.எம்.ஜி.ன்னு ஒரு கம்பெனி இருக்கு. 2005-ல ஆரம்பிச்சது. உங்க நோட்டை அனுப்பி கட்டணத்தையும் கட்டினா, அசலா போலியான்னு பாத்து, 1-லேர்ந்து 70 வரைக்கும் ஒரு மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில சீல் வெச்சுத் திருப்பி அனுப்புவாங்க. 65-ம் அதுக்கு மேலயும் வேணும்னா, பேப்பரை யாரும் துவைக்கல, அயர்ன் பண்ணல, ஒட்டு வேலை பாக்கலன்னு சொல்ற 'ஈ.பி.க்யூ.' முத்திரையும் கெடைக்கணும். பி.சி.ஜி.எஸ். இந்தத் தொழில்ல இன்னொரு பெரிய பேரு.

இப்ப நம்ம ஊர் நாணயக் கண்காட்சிக்குப் போனா, ஆல்பத்துல தூங்கிட்டிருந்த நோட்டெல்லாம் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. அந்தக் கம்பெனிங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க கடை விரிச்சிருக்காங்க, யாவாரம் பாக்குறாங்க. என் சண்டை வாங்குறவங்களோட. உறை மேல இருக்கிறது ஒரு கருத்து. அதை தராசு காட்டின எடை மாதிரி நம்பி காசை எண்ணிக் குடுக்குறோமே, அதான் பிரச்சனை.

மொதல்ல நியாயத்தைச் சொல்லிடறேன். கிரேடிங் தேவையே இல்லன்னு சொல்றவன் நான் இல்ல. எங்க பாடத்துல வர்ற ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-லயே இதை எழுதிட்டார். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியலன்னா, நல்ல சரக்கு சந்தையை விட்டு ஓடிடும், சொத்தைதான் மிஞ்சும். நோட்டுக்கு இது அப்படியே பொருந்தும். மடிப்பை அயர்ன் பண்ணி மறைப்பாங்க. ஓரத்தை வெட்டி நேராக்குவாங்க. அழுக்கைக் கழுவி எடுப்பாங்க. செல்போன் படத்துல இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆன்லைன்ல வாங்குறவனுக்கு நடுவுல ஒரு மூணாவது ஆள் வேணும்தான். அசலா, போலியா, யாராவது கை வெச்சிருக்காங்களா? இந்த மூணு கேள்விக்குப் பதில் சொன்னா அந்தக் கட்டணம் தகும்.

நாம அதோட நிறுத்துறோமா?

ஒரு கண்காட்சியில ஒரே கையெழுத்து, ஒரே வருஷத்து ஒரு ரூபா நோட்டு ரெண்டைப் பக்கத்துப் பக்கத்துல பாத்தேன். ஒண்ணு 66, இன்னொண்ணு 67. 67-ஓட விலை மூணு மடங்கு. லேபிளைக் கையால மறைச்சுட்டு எது 67-ன்னு கேட்டேன். விக்கிறவரே சிரிச்சுட்டார். அந்த வித்தியாசம் ஓரத்து வெள்ளை இடைவெளியிலயோ, மூலையோட கூர்மையிலயோ எங்கயோ மயிரிழையில இருக்கு. கிரேடிங் பண்றவரும் மனுஷன்தானே. அதே நோட்டை உறையிலேர்ந்து எடுத்து மறுபடி அனுப்பி, வேற மார்க் வாங்குறது இந்த உலகத்துல பழகிப்போன சமாச்சாரம். அளந்து பாத்த நீளமா இருந்தா ரெண்டாவது தடவை மாறுமா?

அந்த 70 எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் 1949-ல, அமெரிக்காவோட ஆரம்பகால ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காகப் போட்ட அளவுகோல் அது. ஒரு வகையில படுமோசமான காசு ஒரு டாலர்னா, குறையே இல்லாத காசு எழுபது டாலர் போகும்ங்கிற அன்னிக்கு இருந்த சந்தைக் கணக்கு. விலைக்காகப் போட்ட கணக்கு, அதுவும் செம்புக்கு. அந்த விலையெல்லாம் எப்பவோ மாறிப்போச்சு, எண் மட்டும் தங்கிடுச்சு. அதைத்தான் இன்னிக்கு நாசிக்ல அச்சடிச்ச காகிதத்து மேல ஒட்டிக்கிட்டு கண்ணுல ஒத்திக்கிறோம்.

அடுத்து, யார் காசு குடுக்குறாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் மார்க் கூட வந்தா லாபம் பாக்கிற ஆள்தான் கட்டணம் கட்டுறார். நோட்டோட மதிப்பு கூடக்கூட கட்டணமும் கூடும். பி.காம் படிக்கிற யாருக்கும் இந்தப் படம் பழசு. தணிக்கை பண்ற ஆடிட்டருக்கு தணிக்கைக்கு ஆளாகுற கம்பெனியே சம்பளம். கடன் பத்திரத்துக்கு ரேட்டிங் போடுற ஏஜென்சிக்கு பத்திரம் விக்கிறவனே கட்டணம். ட்ரிபிள் ஏ வாங்குன வீட்டுக்கடன் பத்திரங்கள் என்ன ஆச்சுன்னு 2008-ல உலகமே பாத்துச்சு. கிரேடிங் கம்பெனிங்க ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லவே இல்ல. நோட்டை வாங்கி விக்க மாட்டோம்னு சொல்றாங்க, கேரண்டியும் குடுக்குறாங்க. அமைப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் கவனிங்கன்னு சொல்றேன். பி.எம்.ஜி.யோட தாய் நிறுவனத்துல பெரும்பான்மைப் பங்கை 2021-ல பிளாக்ஸ்டோன் வாங்குச்சு. அவ்ளோ பெரிய முதலீட்டு நிறுவனம் கேக்கப்போறது வளர்ச்சி. இந்தத் தொழில்ல வளர்ச்சின்னா இன்னும் நிறைய நோட்டு உறைக்குள்ள போகணும், அவ்ளோதான்.

பேர் விளையாட்டையும் பாருங்க. பி.சி.ஜி.எஸ். கரன்சின்னு மார்க் போட்டுட்டிருந்த நிறுவனத்துக்கு அந்தப் பேரோட உரிமம் முடிஞ்சு, 2019-ல லெகசி கரன்சி கிரேடிங்னு மாறுச்சு. அடுத்த வருஷம், அந்தப் பேருக்குச் சொந்தக்கார நிறுவனமே தனியா நோட்டுக்கு மார்க் போட ஆரம்பிச்சது. உள்ள இருக்கிற நோட்டு ஒரு நூல் கூட மாறல. ஆனா வாங்குறவர் "பழைய உறையா, புது உறையா?"ன்னு கேக்குறார். பேப்பருக்கு விலையா, பிளாஸ்டிக்குக்கு விலையா?

இன்னொரு வார்த்தை ரொம்பப் பிரபலம். 'டாப் பாப்'. இதைவிட உசத்தியா எதுக்கும் மார்க் போடலன்னு அர்த்தம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தப் பட்டியல் எண்ணுறது அனுப்பி வெச்ச நோட்டுகளை மட்டும்தான். நம்ம ஊர்ல பீரோவுலயும், பூஜை அறையிலயும், தாத்தா டைரியிலயும் இருக்கிற நோட்டுல எத்தனை சரசோட்டாவைப் பாத்திருக்கும்? வகுப்புல நாலு பேர் பரிட்சை எழுதி அதுல ஒருத்தன் ஃபர்ஸ்ட் ரேங்க்னா மாநிலத்துல முதலிடமா? உறையை உடைச்சு மறுபடி அனுப்பினா, ஒரே நோட்டு பட்டியல்ல ரெண்டு தடவை ஏறவும் வாய்ப்பிருக்கு.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் இதுதான். அந்த எண் அளக்கிறது நோட்டு எவ்ளோ புதுசா இருக்குங்கிறதை மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல நம்ம நாட்டு நோட்டு பலதும் ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சது. தபால்ல திருடு போயிடும்னு நோட்டை ரெண்டா வெட்டுவாங்க. ஒரு பாதி பத்திரமாச் சேந்த தகவல் வந்தப்புறம்தான் அடுத்த பாதி கிளம்பும். வாங்குனவர் ரெண்டையும் ஒட்டி மாத்திக்குவார். அந்த ஒட்டுக்குள்ள ஒரு காலத்தோட வியாபாரமே இருக்கு. அளவுகோலுக்கு அது சேதாரம். ஸ்டேப்ளர் ஓட்டையும் அப்படித்தான். நோட்டுக் கட்டுல பின் அடிக்காதீங்கன்னு ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு உத்தரவு போட்டது 2001-ல. அதுக்கு முன்னாடி வந்த நம்ம புத்தம்புது நோட்டுக்குப் பிறப்பிலேயே காது குத்தியாச்சு :-) அமெரிக்கா லேபிள்ல அதுக்குன்னு தனியா குறிப்பு போடுறாங்க, பாராட்டுறேன். ஆனா நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அந்த ஓட்டையைப் பாத்து "டேமேஜ் பீஸ்"னு ஒதுக்குறான். சொந்த நாட்டு நோட்டோட கதையை லேபிள் பாத்துத் தெரிஞ்சுக்கிற நிலைமை.

சட்டத்தையும் மறந்துடாதீங்க. நூறு வருஷமாவது பழசான, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் சொல்லுது. 1917-ல வந்த முதல் ஒரு ரூபா நோட்டும், 1918-ல வந்த ரெண்டரை ரூபா நோட்டும் நூறைத் தாண்டியாச்சு. மெட்ராஸ் வட்டத்தைக் குறிக்கிற 'எம்' எழுத்தோட ஒரு ரெண்டரை ரூபா நோட்டு உங்க கைக்கு வந்தா, அதை ஃபுளோரிடாவுக்குத் தபால்ல போடுற யோசனையே வேண்டாம். அப்ப யார் பாத்துச் சொல்றது? நாமதான் சொல்லணும். அதுக்கான கண்ணை நாம வளத்துக்கிட்டோமா?

வளக்கல. 1994-ல நிறுத்தின ஒரு ரூபா நோட்டை 2015-ல மறுபடி அச்சடிச்சாங்க. அதுல கட்டுக்கட்டா வாங்கி, உறை போட்டு, "இன்வெஸ்ட்மென்ட் பீஸ்"னு பசங்க தலையில கட்டுறாங்க. கட்டுக்கட்டா புதுசாவே இருக்கிற நோட்டுல 68 வாங்குறது பெரிய அதிசயமா? பாக்கெட் மணியில சேக்கிற பையன்தான் இதுல மாட்டுறான். நோட்டு விலையை விட உறை விலை ஜாஸ்தி. நாளைக்கு அவன் விக்கப் போனா அதே டீலர், "இது நிறைய இருக்கே தம்பி"ம்பார்.

அதனால நான் சொல்றது இவ்ளோதான். விலை ஜாஸ்தியான, போலி வர வாய்ப்புள்ள நோட்டுன்னா கிரேடிங் பாத்து வாங்குங்க. அசல், கை வெக்காதது, இந்த ரெண்டுக்கும் காசு குடுங்க. 66-க்கும் 67-க்கும் நடுவுல இருக்கிற காத்துக்குக் குடுக்காதீங்க. உறை இல்லாத சாதா நோட்டு பத்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. மடிப்பு எங்க, தேய்ச்ச பளபளப்பு எங்க, வெட்டின ஓரம் எங்கன்னு நீங்களே தேடுங்க. லேபிளைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்க மார்க்கை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வெச்சுட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க. ஆறு மாசத்துல கண் பழகிடும். பழகின கண்ணு கிட்ட எந்த டீலரும் மூணு மடங்கு விலை சொல்ல யோசிப்பார்.

டிஸ்கி: நான் எந்த டீலரோட ஆளும் இல்ல, எந்த டீலரும் என்னை ஆளாவே மதிக்கிறதில்ல :-) உறை போட்ட நோட்டு வெச்சிருக்கிற அண்ணன்மார்கள் தாராளமா வந்து திட்டலாம். அடுத்த பதிவு கண்டிப்பா மொக்கைதான், பயப்படாதீங்க.