புள்ளிகள் வடிகட்டவோ, கற்பிக்கவோ?

இலங்கையிலே பிறந்த பிள்ளை பத்து வயதில் முதன்முறையாகத் தராசில் ஏற்றப்படுகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்பது அத்தராசின் பெயர். பின்னர் க.பொ.த. சாதாரண தரம், அதன் பின்னர் உயர்தரம். மூன்று முறையும் பிள்ளை நிறுக்கப்படுகின்றது. மூன்று முறையும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கப்படுகின்றது. அச்சீட்டோ, பிள்ளை எந்த வாயிலால் உள்ளே போகலாம், எந்த வாயிலில் மறிக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றது. எதனைக் கற்றது, எதனைக் கற்கவில்லை, எந்த இடத்திலே வழி தவறியது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லுங் கிடையாது.

முருங்கனிலே வயல் செய்யும் ஒரு கமக்காரரின் மகள் கணிதத்தில் "டபிள்யூ" பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பின்னத்தில் தவறினாளா, சமன்பாட்டில் தவறினாளா, அன்றி வினாவின் தமிழே அவளுக்கு விளங்கவில்லையா? அவளுக்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது, ஐந்து ஆண்டுகள் அவளுக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியருக்குந் தெரியாது. வினாவுக்கு வினா இட்ட புள்ளி விடைத்தாளிலே இருக்கின்றது. திருத்தியவரின் கண் அதனைக் கண்டது. கை அதனை எழுதியது. ஆனால் பாடசாலைக்கு வந்து சேர்வது ஓர் எழுத்து மாத்திரமே! அதுவும் பிள்ளை அந்த வகுப்பை விட்டு நீங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னர். இதற்குப் பரீட்சை என்று பெயரிட்டிருக்கின்றார்கள். பிரேத பரிசோதனை என்பதே பொருத்தமான பெயராகும்.

இன்று கல்விப் பகுதியாரின் வாயிலே புதிய மந்திரங்கள் ஒலிக்கின்றன. தரவு என்கின்றார்கள், டிஜிட்டல் என்கின்றார்கள், திறன் வகுப்பறை என்கின்றார்கள், செயற்கை நுண்ணறிவு வந்து ஆசிரியரின் சுமையைத் தாங்கும் என்கின்றார்கள். இவற்றை நாம் எதிர்ப்பவர்களல்லர். கணனியைக் கண்டு அஞ்சுவது அறிவுடையோர் செயலன்று. நாம் கேட்பது ஒன்றே: திரட்டப்படும் எண்கள் யாருடைய கைக்குப் போய்ச் சேரும்? வடிகட்டுகின்ற கைக்கா, கற்பிக்கின்ற கைக்கா?

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை தமிழ் பேசும் மக்களுக்கு வேறெவரினும் அதிகமாக உண்டு. எண்ணைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை நமக்குக் காட்டிய பின்னரல்லவா நம்மிடம் தரவின் மகிமை பேச வருகின்றார்கள்! 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே மருத்துவம் பயில விரும்பிய தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளி வேண்டப்பட்டது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதுமாயிற்று. தரப்படுத்தல் என்ற பெயரில் நடந்தது அது. அதன்பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு அதில் ஓரளவு நியாயம் இருந்ததென்பதையும் மறுக்கவொண்ணாது. மன்னாரும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வவுனியாவும் இன்றும் அவ்வகை மாவட்டங்களே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் நாட்டின் அறிஞரும் அரசியலாளரும் எண்களைப் பற்றி நடத்திய விவாதமெல்லாம், இருக்கின்ற ஆசனத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றியதே. பிள்ளை ஏன் கணிதத்தை விளங்கிக்கொள்ளவில்லை என்று கேட்பதற்கு அதே எண்களை எடுத்தவர் மிகச் சிலர்.

2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரம்பலால் வகுத்துக் காண்பது அது. கடினமான பாடத்தை எடுத்தவனையும் எளிதான பாடத்தை எடுத்தவனையும் ஒரே கோலால் அளப்பதற்கு நல்ல முறைதான். ஆனால் 2011ஆம் ஆண்டில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பரீட்சை எழுதிய இரு கூட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டார்கள். நெல்லையும் குரக்கனையும் ஒரே மரைக்காலில் அள்ளிச் சராசரி விளைச்சல் கூறியது போலாயிற்று! 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளி, இரண்டையும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. அதுவரை அதிர்ந்து நின்றவர்கள் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருமே.

நம் நாட்டார் மட்டும் தவறியவரல்லர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே பரீட்சை நடத்த இயலாமற்போக, ஒவ்வொரு பாடசாலையின் பழைய பெறுபேறுகளையுங் கொண்டு ஒரு சூத்திரம் மாணவரின் தரத்தைத் தீர்மானித்தது. ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய 39 சதவீதம் கீழே இறக்கப்பட்டன. எண்ணிக்கை குறைந்த வகுப்புகளில் சூத்திரத்தின் கை தளர்ந்தமையால் கட்டணப் பாடசாலைகள் இலாபமடைந்தன. ஏழைகளின் பாடசாலையிலே படித்த கெட்டிக்காரன், தனக்கு முன் அங்கே படித்தவர்களின் குறைக்காகத் தண்டிக்கப்பட்டான். பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13இல் வெளிவந்த பெறுபேறு 17இல் மீளப் பெறப்பட்டது. நான்கே நாட்கள்!

எண் கற்பிக்குங் கைக்குப் போனால் என்ன நிகழும்? இதற்கும் சான்று உண்டு.

2015ஆம் ஆண்டு டில்லியிலே 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை பயின்ற 619 பிள்ளைகளை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். குலுக்கலிலே தெரிந்தெடுத்த ஒரு பகுதியினருக்குப் பாடசாலை முடிந்த பின்னர் நிலையமொன்றிலே கணனி வழியான பயிற்சி; கூடவே ஓர் உதவியாசிரியர். அக்கணனி முதலிற் செய்தது பாடம் நடத்துவதன்று. பிள்ளை உண்மையில் எந்த வகுப்பின் அறிவோடு நிற்கின்றது என்பதைக் கண்டறிந்தது. 6ஆம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் இரண்டரை வகுப்புப் பின்தங்கி நின்றது. வகுப்பு ஏற ஏற அந்தத் தூரமும் ஏறிற்று. ஆசிரியரோ 6ஆம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தார். பாடத்திட்டம் அப்படித்தான் சொல்லிற்று. கணனி பிள்ளை நின்ற இடத்துக்கே இறங்கிச் சென்று, அங்கிருந்து கைபிடித்து ஏற்றிற்று. நாலரை மாதத்தில் அப்பிள்ளைகள் கணிதத்தில் ஏனையோரைப் போல் இருமடங்குக்கும் மேலான முன்னேற்றங் கண்டனர்.

இதிலே நம் பரீட்சைப் பித்தர்கள் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. அத்தனை முன்னேற்றமும் பாடசாலையின் கணிதப் பரீட்சையிலே தெரியவில்லை! இரண்டு வகுப்புக் கீழே நின்ற பிள்ளை ஒரு வகுப்பு ஏறி வந்தாலும், மேல் வகுப்பு வினாத்தாளுக்கு அது எப்பொழுதும் பூச்சியமே. தராசு கூரையில் தொங்கினால் தரையிலே வளரும் பயிரை அது எப்படி அளக்கும்?

இவ்விடத்தில் விற்பனைக்காரர் குறுக்கே வருவார். "நாமும் கணனி தருகின்றோமே" என்பார். பெரு நாட்டிலே பிள்ளைக்கொரு மடிக்கணனி என்று இலட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு, 319 கிராமப் பாடசாலைகளைப் பார்த்து, கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கூறிற்று. பெட்டி வந்தது, பிள்ளை எங்கே நிற்கின்றது என்று கேட்பவர் வரவில்லை. இங்கும் 2017ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே உயர்தர மாணவருக்குக் கைக்கணனி வழங்கும் யோசனை முழங்கப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2021இல் ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னுங் கிராமத்துப் பிள்ளைகள், ஆசிரியர் அனுப்பிய பாடத்தைப் பெறுவதற்குக் காட்டு வழியே நடந்து பாறையொன்றின் உச்சியில் ஏறி அலைவரிசை தேடினார்கள். அவர்கள் சிங்களக் கமக்காரரின் பிள்ளைகள். கொழும்பிலிருந்து பார்க்கும்பொழுது போகிட்டியாவவும் துணுக்காயும் ஒரே தூரத்திலேதான் இருக்கின்றன.

"அப்படியானால் பரீட்சைத் திணைக்களத்தின் அறிக்கையை ஆசிரியருக்கு அனுப்பினாற் போதுமே" என்று சிலர் கூறக்கூடும். திணைக்களம் பாடந்தோறும் மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகின்றது. எந்த வினா மாணவருக்குக் கடினமாயிற்று என்று அதிலே ஆராய்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையமும் தேசிய மட்டத்திலே அடைவுகளை அளக்கின்றது. இவை நல்ல பணிகளே. இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் நாட்டின் சராசரியை அறிந்து துணுக்காய் ஆசிரியர் என்ன செய்வார்? அவருடைய வகுப்பிலிருக்கும் 28 பிள்ளைகளும் சராசரிகளல்லர்.

அவருடைய வகுப்பின் விபரத்தையே அனுப்பினாலும், அனுப்புவதோடு நிறுத்தினாற் பயனில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் இதனைச் செய்தே பார்த்தார்கள். கிராமப் பாடசாலை ஆசிரியர்களுக்குத் தத்தம் மாணவர் எதிலே வல்லவர், எதிலே வலுவற்றவர் என்ற அறிக்கையை எழுதிக் கொடுத்தார்கள். பார்வையிடச் சென்றபொழுது ஆசிரியர்கள் சுறுசுறுப்பாகவே காணப்பட்டனர். ஆண்டு முடிவிலோ, அறிக்கை பெற்ற பாடசாலைக்கும் பெறாத பாடசாலைக்கும் பெறுபேற்றில் வேற்றுமை இல்லை! அறிக்கையோடு ஊக்கத்தொகையும் கிடைத்த பாடசாலைகளில் மட்டும், அறிக்கை தமக்குப் பயன்பட்டதென்ற ஆசிரியரின் மாணவர் கூடுதலாக முன்னேறினர். ஊக்கத்தொகைதான் மருந்து என்று நாம் வாதிக்கவில்லை. பணத்தைக் காட்டினாற் புள்ளியைத் திருத்தி எழுதுவோரும் தோன்றுவர். நாம் காண்பது இது: எண்ணை அறிந்த ஆசிரியருக்கு அதன்படி நடக்க ஏதுவும் உரிமையும் வேண்டும். பாடத்திட்டத்தை மாதக் கணக்கிலே முடிக்குமாறு வலயக் கந்தோர் விரட்டிக்கொண்டிருக்க, பின்னத்தில் இடறிய எட்டுப் பிள்ளைகளோடு இரண்டு கிழமை தங்கி நிற்க எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்?

இதற்கு அமெரிக்காவிலிருந்து எவரும் கப்பலேறி வரவேண்டியதில்லை. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை அறியாத உயர்தர மாணவன் வடக்கிலே இல்லை. வினாத்தாளும் புள்ளித் திட்டமும் ஆக்கி, பாடசாலைகளுக்கெல்லாம் ஒரே பரீட்சை நடத்தும் வழக்கத்தை நம்முடைய ஆசிரியர்கள் தம் உழைப்பினாலே கட்டியெழுப்பினார்கள். அத்தகைய பரீட்சையிலும் தவணைப் பரீட்சையிலும் மொத்தப் புள்ளியோடு வினாவாரியான புள்ளியையும் ஒரு தாளிலே குறித்தால் என்ன? பத்து வினா, முப்பது பிள்ளைகள், முந்நூறு கட்டங்கள். ஒரு கைத்தொலைபேசி அதனைக் கூட்டித் தரும். வலயம் முழுவதும் அவ்வாறு சேர்ந்தால், எந்தப் பாடசாலையின் ஆசிரியர் வடிவொத்த முக்கோணியை எல்லாப் பிள்ளைக்கும் விளங்கவைத்தார் என்பது தெரியும். அவரிடம் மற்றவர்கள் போய்க் கேட்டறியலாம். கல்வி ஆராய்ச்சி என்பது அங்கே தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு ஏட்டிலே அச்சிட்டுப் பதவியுயர்வு பெறுவது அதன் பின்னர் நடக்கட்டும்.

தகப்பன் தாய்க்கும் இதிலே பங்குண்டு. இந்தியாவில் 2005 முதல் ஏசர் என்ற பெயரிலே தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்குச் சென்று, பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கின்றார்கள். எழுத்து, சொல், சிறு பந்தி, கதை; அவ்வளவே. திண்ணையில் இருந்து பார்க்கின்ற தந்தைக்கு, தாம் எழுத்தறியாதவராயினும், மகன் எங்கே தடுமாறுகின்றான் என்பது தெரிந்துவிடுகின்றது. இலட்சக்கணக்கான பிள்ளைகளைப் பற்றிய இந்த அளவைக்கு ஆதாரம் ஒரு தாளும் ஒரு பென்சிலுமே.

ஒரு காவலும் வேண்டும். பிள்ளையின் புள்ளியும் பெயரும் ஊரும் சேர்ந்தால் அது விலைபோகும் பண்டம். ஐக்கிய அமெரிக்காவிலே பத்துக் கோடி டொலரோடு தொடங்கிய இன்புளூம் என்னும் மாணவர் தரவுக் களஞ்சியம், பெற்றோரின் எதிர்ப்பினால் 2014இல் மூடப்பட்டது. இங்கு 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. ஆய்வாளருக்குப் பெயர் நீக்கிய விபரம், ஆசிரியருக்குத் தம் மாணவரின் விபரம், வியாபாரிக்கு ஒன்றுமில்லை என்று வரம்பு கட்டுவது கல்வி அமைச்சின் கடன். ஆசிரியரைத் தண்டிக்கவும் இடமாற்றவும் இவ்வெண்களை எடுத்தாளலாகாது என்பதும் அவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். அவ்வுறுதி இல்லாவிடின் எந்த ஆசிரியரும் உண்மையான புள்ளியை எழுதமாட்டார். எழுத வேண்டுமென்று கேட்க நமக்கு முகமும் இராது.

கமக்காரரே, பெற்றோரே, உத்தியோகம் பார்க்கும் நண்பரே! அமைச்சர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வலயக் கல்விக் கந்தோருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். சென்ற தவணைக் கணிதப் பரீட்சையில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எந்தெந்த வினாவில் அதிகமாகத் தவறினர், அதனை அறிந்து வலயம் செய்தது யாது என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். "அப்படியொரு கணக்கு எம்மிடம் இல்லை" என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே எல்லோருங் கேட்க வாசியுங்கள்.