பொனட் கேபிளுக்கு ஒரு துணைக் கேபிள்: அறுந்த பிறகு அல்ல, இப்போதே

பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் ஸ்பெயார் டயர் இல்லாமல் தூரப் பயணம் போவதில்லை. ஃபேன் பெல்ட், பிளக், பொயிண்ட் செட் என்று மேலதிகச் சாமான்களும் கூடவே வரும். ஆனால் இவற்றைப் பொருத்துவதற்கு முதலில் திறக்க வேண்டிய பொனட் ஒரேயொரு மெல்லிய கேபிளை நம்பி இருக்கிறது. "அது அறுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "அறுந்தால் பார்ப்போம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்தப் பதில் பிழை என்பதே நமது கருத்து. கிளச் கேபிள் அறுந்தால் பாதையோரத்தில் நிறுத்தி மாற்றலாம். பொனட் கேபிள் அப்படியல்ல. அதை மாற்றப் பொனட்டைத் திறக்க வேண்டும், பொனட்டைத் திறக்க அந்தக் கேபிள் வேண்டும். ஆகவே துணைக் கேபிள் ஒன்றைப் போடுவதென்றால் முதல் கேபிள் நன்றாக இருக்கும்போதுதான் போட முடியும்.

நம் நாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் பொனட் திறக்காவிட்டால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்பெயார் டயரும் பிறேக் எண்ணெய்ப் போத்தலும் முன்னால்தான் இருக்கின்றன. 1967 மாடல் வரையான கார்களில் பெற்றோல் ஊற்றும் வாயும் பொனட்டுக்குள்ளேதான். 1968 மாடலில்தான் அது வெளியே வந்தது. அதாவது ஒரு 1964 பீட்டிலில் கேபிள் அறுந்தால், தாங்கியில் இருக்கும் பெற்றோல் முடியும்வரைதான் அந்தக் கார் ஓடும். ஷெட்டுக்குப் போனாலும் ஊற்ற இடமில்லை.

முன்னால் எஞ்சின் உள்ள பழைய கார்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம். எழுபதுகளின் ஜப்பான் கார்கள் பலவற்றில் பற்றரி பொனட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஐம்பது வருடத்து வயரில் எங்காவது ஷோர்ட் ஆகிப் புகை வந்தால் முதலில் செய்ய வேண்டியது பற்றரியின் வயரைக் கழற்றுவது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பொனட் குமிழை இழுக்கும்போது அது கையோடு வந்துவிட்டால், வெளியே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும்.

இந்தக் கேபிள் ஏன் அறுகிறது? இது பவுடன் கேபிள் வகையைச் சேர்ந்தது. உறை ஒன்றுக்குள் கம்பி நகரும் இந்த ஏற்பாட்டுக்கு 1896 இல் காப்புரிமை பெற்றவரின் பெயரே அதற்கும் நிலைத்தது. சைக்கிள் பிறேக் வயரும் அதே குடும்பம்தான். பல நூல் கம்பிகள் முறுக்கிய வயர் ஒரே நாளில் அறுவதில்லை. வளையும் இடத்தில், அல்லது பூட்டின் அருகே ஸ்குரூ போட்டு இறுக்கிய இடத்தில், ஒவ்வொரு நூலாகப் போகும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் உறைக்குள் துரு ஏறும். கிறீஸ் காய்ந்துவிடும். குமிழ் இறுகும், நாமும் இன்னும் பலமாக இழுப்போம். அந்தப் பலமான இழுப்புத்தான் மீதி நூல்களையும் முடித்துவிடுகிறது.

அறுந்த பிறகு என்ன நடக்கிறது? குமிழுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால் அதிர்ஷ்டம், மீதிக் கம்பியைக் குறட்டால் பிடித்து இழுக்கலாம். பூட்டுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால் தகட்டில் துளை போடுவார்கள், அல்லது இரும்புக் கம்பி விட்டு நெம்புவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வாப்பா விட்டுப்போன பழைய காரே பல வீடுகளில் அன்றாட வாகனமானது. இப்போது புதிய கார்கள் இறங்கினாலும் அறுபது வருடத்துப் பொனட் ஒன்று அவற்றோடு சேர்ந்து இறங்கப்போவதில்லை. நெம்பிக் கெடுத்தால் கெடுத்ததுதான்.

துணைக் கேபிள் வேண்டாம் என்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். இரண்டையும் அலட்சியமாகத் தள்ள முடியாது.

முதலாவது, காரின் அசல் தன்மை கெட்டுவிடும் என்பது. துளை எதுவும் போடாமல், இருக்கும் இடைவெளி வழியாகவே வயரைக் கொண்டுபோகலாம். வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். பூட்டை நெம்பிய தழும்பைக் கழற்ற முடியாது.

இரண்டாவது, வெளியிலிருந்து இழுக்கக்கூடிய கேபிள் என்றால் கள்ளனுக்கும் வசதி என்பது. இது நியாயமான பயம். அதற்காகக் கேபிளை விட்டுவிடத் தேவையில்லை, அதன் முனையை வைக்கும் இடத்தை யோசித்து வைத்தால் போதும். கை எட்டாத, குனிந்து பார்த்தாலும் தெரியாத, கொக்கிக் கம்பி விட்டுத்தான் இழுக்கக்கூடிய இடமாக இருக்கட்டும். எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை, நீங்களும் யாரும் பார்க்கும்படி எழுத வேண்டாம்.

இனி வேலையைப் பற்றி. நல்ல பாஸ் ஒருவருக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் சில விடயங்களைப் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்விக்க வேண்டும்.

ஒன்று, துணைக் கேபிள் முதல் கேபிளின் ஸ்குரூவிலேயே மாட்டப்படக் கூடாது. அந்த ஸ்குரூ கழன்றால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். பூட்டின் நகரும் தகட்டிலேயே தனியாக மாட்ட வேண்டும். பாதையும் வேறாக இருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு பேனா கொடுக்கிறோம். மை முடியப்போகும் இரண்டு பேனாவைக் கொடுத்தால் என்ன பயன்?

இரண்டு, சைக்கிள் பிறேக் வயரின் முனையில் வார்த்த குமிழ் இருக்கும். அது உருவிக்கொண்டு வராது. வெறும் வயரை முடிச்சுப் போட்டுக் கட்டுவதைவிட அது நம்பகமானது. முடிந்தால் துருப்பிடிக்காத வகையை வாங்குங்கள், உறைக்குள் கிறீஸ் விடுங்கள். சூடாகும் இடத்தையும் அசையும் பாகங்களையும் விட்டு விலக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மூன்று, வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். இது மிக முக்கியம். இறுக்கிக் கட்டினால் பூட்டின் தகடு பாதி திறந்த நிலையில் நிற்கும். பீட்டில் போன்ற கார்களில் பொனட்டின் கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. ஓடும்போது பூட்டு விட்டால் காற்று பொனட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அடிக்கும், சாரதிக்கு எதுவும் தெரியாது. அதைத் தடுப்பது இரண்டாவது பாதுகாப்புக் கொக்கிதான். ஆகவே துணைக் கேபிள் பூட்டை மட்டும் விடுவிக்க வேண்டும், அந்தக் கொக்கியைத் தொடவே கூடாது.

நான்கு, பொனட்டைத் திறந்து வைத்தபடியே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கேபிளாக இழுத்து, தகடு முழுத் தூரமும் நகர்கிறதா, விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே மூடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணைக் கேபிளால் மட்டும் திறந்து பாருங்கள். சோதிக்காத துணைக் கேபிள் உள்ளே துருவேறிக் கிடந்தாலும் நமக்குத் தெரியவராது.

கடைசியாக, வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அந்த முனை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் காரைப் பற்றிய அறிவு பெரும்பாலும் ஒருவரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் குமிழை எப்படி இழுக்க வேண்டும், எந்தக் கதவை உயர்த்திப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் வாப்பாவுக்கோ மூத்த நானாவுக்கோ மட்டும்தான் தெரியும். அவர் ஆஸ்பத்திரியிலோ வெளிநாட்டிலோ இருக்கும் நாளில்தான் கேபிள் அறும். பிறகு மகளோ மருமகனோ காரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். துணைக் கேபிள் போட்டும் பயனில்லாமல் போகும். ஆகவே காரை ஓட்டும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஒருமுறை இழுத்துக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

வருகிற லீவு நாளில் பொனட் குமிழை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முன்பைவிட இறுக்கமா? பூட்டுப் பக்கத்தில் ஒரு நூலாவது பிரிந்து நிற்கிறதா? அப்படியென்றால் கார் இப்போதே உங்களுக்குச் சொல்லிவிட்டது. பொனட்டை மூடாமல், அப்படியே பாஸைக் கூப்பிடுங்கள்.