இழப்பீட்டுக்குத் தூரமே அளவாகட்டும்

சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் விமானம் மேலெழும்பித் தரை தொட ஒரு மணி நேரம் கூடத் தேவையில்லை. பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரும் நொடி முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நொடி வரை கணக்கிடும் 'பிளாக் நேரம்' அது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம் என்பதால், ஓரளவு கூடுதல் நியாயமே. டெல்லியின் பனிமூட்டமும் மும்பையின் நெரிசலும் எவரும் கற்பித்தவை அல்ல.

ஆனால் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது விமான நிறுவனம். கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால், 20 நிமிடம் பிந்திக் கிளம்பிய விமானமும் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்துவிடும். 15 நிமிடத்துக்குள் தாமதமென்றால் 'நேரம் தவறவில்லை' என்றே கணக்கு. பயணிக்குப் போன நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது.

இழப்பீட்டுக்கும் இதே பிளாக் நேரத்தை அளவாக வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், 1 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000, 2 மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000 என 2016இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்தது. சென்னை - மும்பை சுமார் 1,030 கிலோமீட்டர். ஒரு நிறுவனம் 1 மணி 55 நிமிடம் என்றும், இன்னொன்று 2 மணி 5 நிமிடம் என்றும் அட்டவணை போட்டால், ஒரே வழியில் செல்லும் இருவரின் உரிமைக்கு இடையே ரூ.2,500 வித்தியாசம். எடைக்கல்லை வியாபாரியிடமே கொடுத்துவிட்ட கதை இது. அந்தத் தொகையும் முழுதாகக் கிடைக்கும் என்றில்லை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிட்டு மலிவாக டிக்கெட் எடுத்தவருக்கு இதைவிடப் பெரிய அநீதி உண்டா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி தூரத்தை அளவாகக் கொண்டது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. டிக்கெட் விலை எதுவானாலும் அதுதான். தூரத்தைப் பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் அளக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. 3 மணி நேரம் பிந்திச் சேர்ந்தவருக்கும் இழப்பீடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. புயல் போன்ற அசாதாரணச் சூழலுக்கு மட்டும் விலக்கு. இங்கோ தாமதத்துக்குச் சிற்றுண்டி உண்டு. 6 மணி நேரம் தாண்டினால் மாற்று விமானமோ முழுக் கட்டணமோ உண்டு. இழந்த நாளுக்கு ஒரு ரூபாய் கிடையாது. நேர்காணலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ கிளம்பியவரிடம் ஒரு சமோசாவையும் பழச்சாறு டப்பாவையும் நீட்டினால் முடிந்தது பொறுப்பு.

இழப்பீட்டை இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தோடு இயக்குநரகம் இணைக்க வேண்டும். கட்டணத்தைக் காட்டித் தொகையைக் குறைக்கும் விதியை நீக்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்குப் பணமாகவே தர வேண்டும். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில், அட்டவணை நேரத்துக்கு அருகிலேயே, அந்த விமானம் முந்தைய மாதத்தில் உண்மையில் எடுத்துக்கொண்ட சராசரி நேரத்தையும் காட்டச் சொல்ல வேண்டும். அந்த விவரம் ஒவ்வொரு நிறுவனத்தின் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது.