இரவல் திரையும் சொந்தத் தகடும்



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். திரைப்படக் குறுந்தகடுகளைப் பற்றிப் போதகர் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒரு வீட்டுச் சந்திப்பே அதற்குக் காரணம்.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். ஜெபம் முடிந்து நான் எழுந்தபோது, "ஐயா, ஞானசௌந்தரி படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட ஆசை" என்றார். சிறுமியாய் இருந்த காலத்தில், தம் தாயாரோடு டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த படம் அது. பேரன் உடனே கைபேசியை எடுத்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு செயலியில் அதைக் கண்டதாகவும், பாட்டிக்காகப் பட்டியலில் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னான். தேடினான். பட்டியலில் பெயர் இருந்தது, படம் இல்லை. எப்போது போனது, ஏன் போனது என்று சொல்வார் எவரும் இல்லை.

அப்போது அந்தத் தாயார் தம் மறைந்த கணவரின் அலமாரியைத் திறக்கச் சொன்னார். பழைய ஜெபப் புத்தகங்களுக்குப் பின்னால் அந்தப் படத்தின் வி.சி.டி. இருந்தது. வீட்டில் பிளேயர் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒருவரிடம் இருந்தது. தகட்டை மெல்லிய துணியால் துடைத்துப் போட்டோம். நடுவில் இருமுறை நின்று, பின் ஓடியது. பார்வை மங்கிவிட்ட அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதல் தகடு முடிந்து இரண்டாவதை மாற்றிய இடைவேளையில், பேரனுக்கு அதுவரை சொல்லியிராத தம் தாயாரின் கதையைச் சொன்னார். அவன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்தில் ஒரே கேள்வி. அந்தத் தகப்பனார் என்றோ சில ரூபாய் கொடுத்து அதை வாங்கி வைத்திராவிட்டால்?

பிரியமானவர்களே, ஓ.டி.டி. தளங்கள் தீமையானவை என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவை எத்தனை ஆறுதல் என்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் நாம் செலுத்தும் மாதச் சந்தா வாடகை என்பதை மறந்துவிடலாகாது. வாடகை வீட்டின் சுவரில் ஆணி அடிக்கவும் உரிமையாளரைக் கேட்க வேண்டும். அவர் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும்.

நாம் அறிந்த ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பரில் வெளியான 'அன்னபூரணி' என்ற தமிழ்த் திரைப்படம் அம்மாத இறுதியிலேயே நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சமய உணர்வுகளைப் புண்படுத்துவதாக எழுந்த புகார்களையடுத்து, 2024 ஜனவரியில் அது தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அப்படத்தின் நியாய அநியாயத்தைத் தீர்ப்பது இங்கே என் நோக்கமன்று. அதை விரும்பியவர்களும், எதிர்த்தவர்களும், இனிமேல் பார்த்துத் தாமே முடிவுசெய்ய நினைத்தவர்களும் ஒரே நேரத்தில் அதை இழந்தார்கள் என்பதையே சுட்டுகிறேன்.

விலை கொடுத்து வாங்கியதாக எண்ணும் பொருளுக்கும் இதே நிலைதான். 2009-ல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலின் மின்பிரதிகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் நூல் கையைவிட்டுப் போயிற்று. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு, விளக்கமின்றி 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டமே இயற்றியது. 'வாங்கினேன்' என்ற எளிய சொல்லுக்கே காவல் வேண்டிய காலத்தில் வாழ்கிறோம்.

நம் காரைக்காலுக்கு இது இன்னும் நெருங்கிய காரியம். பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். பாரிஸில் மகன் பார்க்கும் படம் இங்கே தாயின் திரையில் இல்லை. தாய் பார்த்துக் கண்ணீர்விட்ட படம் அங்கே மகனுக்குக் கிடைப்பதில்லை. உரிமைகள் நாடுவாரியாகப் பிரித்து விற்கப்படுவதே காரணம். தகட்டிலும் வேலி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். டி.வி.டி.க்களில் பிரான்சு இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். அங்கிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த தகட்டை இங்குள்ள பிளேயர் ஏற்க மறுத்த ஏமாற்றத்தை உங்களில் சிலர் அறிவீர்கள். ஆயினும் அந்த வேலி எங்கே இருக்கிறது என்பது உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும். இரவோடு இரவாக அது இடம்பெயர்வதில்லை.

காத்துக்கொள்ளாதது காணாமற்போகும் என்பதற்குத் தமிழ்த் திரையுலகமே சாட்சி. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது; அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. தென்னிந்தியாவின் மௌனப்பட முன்னோடி ஆர். நடராஜ முதலியாரின் படைப்புகளும் அப்படியே மறைந்தன. ஓடி முடிந்த படச்சுருள்களை வெள்ளி பிரித்தெடுப்பதற்காக விற்றுவிட்ட காலம் அது. அந்தத் தாயார் கேட்ட 'ஞானசௌந்தரி'யும் 1948-ல் இரண்டு படங்களாக வந்தது: ஒன்று சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்தது, மற்றொன்று ஜெமினியின் எஸ். எஸ். வாசன் எடுத்தது. பின்னது வரவேற்புப் பெறாததால் வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஞானசௌந்தரி என்றதும் இன்று நம் மூத்தோர் நினைவுகூர்வது சிட்டாடல் படத்தைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 1933-ல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம், அதற்கு மூலமான நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கியது. படப்பிரதி திருவனந்தபுரத்தில் ஒரு புத்தக நிலையத்தாரின் வசம் போய்ச் சேர்ந்து, அங்கேயே கிடந்தது. 1974-ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. யாரோ ஒருவரிடம், ஒரு மூலையில், கையால் தொடக்கூடிய ஒரு பிரதி இருந்ததால் அப்படம் பிழைத்தது.

இதை வாசித்தபோது எனக்கு எரேமியாவின் புத்தகச்சுருள் நினைவுக்கு வந்தது. யோயாக்கீம் ராஜா குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்து, வாசிக்க வாசிக்க அச்சுருளை அறுத்து நெருப்பில் போட்டான். ஒரே பிரதி இருந்தால் ஒரே ராஜா போதும் அதை அழிக்க. பாருக்கு மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்திலுள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் அச்சுக்கூடம் அமைத்து, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததன் பெருமையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு சுவடி பல வீடுகளின் பிரதியாயிற்று. வேதத்தைத் திரைப்படத்தோடு ஒப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். எந்த நினைவும் பல கைகளில் இருக்கும்போதுதான் பத்திரமாயிருக்கிறது என்பதே நான் சொல்வது.

"பூச்சியும் துருவும் கெடுக்கிற பொக்கிஷத்தையா சேர்க்கச் சொல்கிறீர், ஐயா?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. நம் ஊர்க் கடற்காற்று இரும்புக் கதவையே தின்றுவிடுகிறது. தகட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் படலத்தை விட்டுவைக்குமா? ஈரம் புகுந்தால் அதுவும் கெடும். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது, நம் கடற்கரைக் கிராமங்களில் கல்யாணப் படங்களும் கேசட்டுகளும் வீடுகளோடு போனதை நாம் மறக்கவில்லை. தகடு நித்தியமானதன்று. ஆகையால் நூற்றுக்கணக்கில் வாங்கி அடுக்கிப் பெருமை பாராட்டச் சொல்லவில்லை. பத்துப் படம் போதும், ஐந்து போதும். உங்கள் பெற்றோரை அழவைத்தது எது, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் காட்ட விரும்புவது எது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் தானாகச் சுருங்கும்.

பொக்கிஷத்திற்கும் பொறுப்புக்கும் வேறுபாடு உண்டு. பூட்டி வைப்பது பொக்கிஷம். இரவல் கொடுப்பதற்காக வைத்திருப்பது பொறுப்பு. சந்தாவை அடுத்த வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள நிறுவனத்தார் அனுமதிப்பதில்லை. உங்கள் தகட்டை அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்க எவர் அனுமதியும் தேவையில்லை. சொந்தமானதைத்தான் மனிதன் மனதாரக் கொடுக்க முடியும்.

2007 அளவில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றபோது, மளிகைக் கடையில்கூடத் தகடுகள் தொங்கின. அந்நிறுவனம் 2018-ல் கலைப்புக்கு உள்ளாயிற்று. இன்று புதிய தமிழ்ப் படங்கள் தகடாக வருவதே அரிது. ஆகவே கிடைக்கும்போது வாங்குங்கள். பழைய பொருள் கடைகளில் தேடுங்கள். ஆனால் திருட்டுத் தகட்டை வாங்காதீர்கள். நூற்றுக்கணக்கானோரின் உழைப்பைக் களவாடிய பொருளை வைத்து எந்த நினைவையும் பாதுகாத்தோம் என்று சொல்ல முடியாது.

வைத்திருப்போருக்குச் சில யோசனைகள். தகட்டை விளிம்பில் பிடியுங்கள். உறையிலிட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்திற்குத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஓடுகிற பிளேயர் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தகடு இருந்தும் கருவி இல்லாவிட்டால் பயனில்லை.

நம் ஆலய நூலகத்தில் ஒரு தட்டை இதற்காக ஒதுக்கியிருக்கிறோம். இரவல் தர மனமுள்ளோர் கொண்டுவரலாம்; எடுத்துச் செல்வோர் நோட்டில் பெயரெழுதிச் செல்லலாம். அவை வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே. கூட்டமாகத் திரையிட உரிமையாளரின் அனுமதி தேவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிளேயர் இல்லாத முதியோர் வீட்டிற்கு அதை எடுத்துச் சென்று, பொருத்திக் கொடுத்து, படம் முடியும்வரை உடனிருக்க வாலிபர்கள் முன்வந்தால் மகிழ்வேன்.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். பின்வரும் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்ன என்று கேட்க வேண்டும் என்பதற்காக. கைபேசிக்குள் இருக்கும் பட்டியலைக் கண்டு எந்தக் குழந்தையும் அப்படிக் கேட்பதில்லை. அலமாரியில் இருக்கும் தகட்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் இடம் வைத்திருங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயாரும் ஆலயத்திற்கு வர விரும்புகிறார். வாகனம் உள்ளவர்கள் எனக்குத் தெரிவியுங்கள். கர்த்தர் உங்கள் வீடுகளையும், வீடுகளின் நினைவுகளையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.