வாயிலைத் திறந்துவைத்தோர் யார்?

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் உழவன், தன் பெயரையும் வயலின் அளவையும் வங்கிக் கணக்கிலக்கத்தையும் ஒப்புவித்தாலன்றி உரமானியம் பெறான். 2022ஆம் ஆண்டில் வண்டியுடையோர் அனைவரும் எரிபொருளுக்காகத் தம் விபரங்களை அரசின் கணினிக்குக் கொடுத்தனர். கொடு என்று கட்டளையிட்ட அரசு, கொடுத்ததைக் காத்ததா?

2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சற் சேவையகம் பணயம் கேட்கும் கொள்ளையரிடம் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாதொழிந்தன. அங்கு இயங்கியது 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதனைச் செய்த நிறுவனமே 2023 ஏப்ரலில் அதனைக் கைவிட்டுவிட்டது. அம்மாதங்களுக்குரிய படியொன்று வேறிடத்திற் பத்திரப்படுத்தப்படவுமில்லை! கடவுச்சொல்லை ஊகித்தே அவர்கள் உட்புகுந்தனர் என்று நாம் கூறவில்லை. பத்தாண்டுப் பழமையை மாற்றாதவர்கள், பலவீனமான கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருப்பர் என்று நம்பச் சொல்லாதீர்கள் என்றே கூறுகிறோம்.

இணையத்துக்குத் திறந்திருக்கும் ஒவ்வொரு சேவையகத்தின் வாயிலையும் இரவுபகலாக இயந்திரங்கள் தட்டிக்கொண்டிருக்கின்றன. கொழும்பா மன்னாரா என்று அவை பார்ப்பதில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்டபடியே விடப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொற் சோடிகளை மட்டுங்கொண்டு, இலட்சக்கணக்கான கமராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றியது. இது மந்திரமன்று, சோம்பல் திறந்த வழி.

கணக்கைப் பாருங்கள். நான்கு இலக்கக் கடவுச்சொல் பத்தாயிரத்துள் ஒன்று. வினாடிக்கொரு முறை தட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் அகப்பட்டுவிடும். ஐந்து தவறுக்கு ஒரு மணி நேரத் தடை என்றொரு விதி வைத்தால், அதே வேலைக்கு எண்பது நாட்களுக்கு மேலாகும். ஆயினும் கள்வன் ஆயிரம் முகவரிகளிலிருந்து மாறிமாறித் தட்டவல்லவன். ஆதலால் தடை மட்டும் போதாது. நிர்வாகி நுழையும் வாயிலைப் பொது இணையத்துக்குத் திறக்கவே கூடாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக மறைகுறித் திறவுகோல் வேண்டும். இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும். தோற்ற முயற்சிகளின் பதிவேட்டை நாடோறும் ஒருவர் பார்த்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது பொருளன்று, கவனமே.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அத்துமீறி நுழைபவனைத் தண்டிக்கும், அவன் அகப்பட்டால். கடல் கடந்திருப்பவனை யார் பிடிப்பது? வாயிலைத் திறந்துவைத்த காவலனைப் பொறுப்பாக்கவேண்டியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய பகுதிகளோ, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய தறுவாயிற் பின்போடப்பட்டன. உழவன் விண்ணப்பம் ஒருநாள் பிந்தினால் மானியமில்லை. அரசு தன் கடமையில் ஆண்டுகள் பிந்தினால் கேட்பாரில்லை!

கொழும்பை மட்டும் குறைகூறித் தப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. மன்னார் நகரசபையிலும் நானாட்டான், முசலி, மாந்தை மேற்குப் பிரதேச சபைகளிலும் நம்மவர் அமர்ந்திருக்கின்றனர். வரியிறுப்போர் பட்டியலைக் காக்கும் கடன் அவர்களுக்குமுண்டு. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இச்சபைகளுக்கும் கச்சேரிக்கும் மூன்று வினாக்களை அனுப்புகிறோம்: உங்கள் சேவையகத்தின் நிர்வாக வாயில் பொது இணையத்துக்குத் திறந்துள்ளதா? எத்தனை தவறுக்குப் பின் அது பூட்டிக்கொள்ளும்? கடைசிப் படி எந்நாளில் எடுக்கப்பட்டது? பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவித்தல் சட்டம் விதித்த கடமை. பதில் தமிழில் வரவேண்டும்.