விராலடிப்பான்: பெயரும் இனமும்

மீனுண்ணும் பறவைகள் பல. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மீனுண்பனவே. ஆயினும் அவற்றைக் கழுகு, பருந்துகளோடு எவரும் சேர்ப்பதில்லை. செம்பருந்தும் மீன் கவரும். நண்டு, தவளை, கழிவு எனக் கிடைத்தவற்றையும் அது விடுவதில்லை. ஏறத்தாழ மீன் ஒன்றையே இரையாகக் கொண்ட வேட்டைப் பறவைக்குத் தமிழில் விராலடிப்பான் என்று பெயர். அப்பெயர் இருக்க, மீன்கழுகு என மொழிபெயர்த்து எழுதுவாரும் உளர். மீன்கழுகு வேறு, இது வேறு என்பதே நம் கருத்து.

இதன் இனத்தை அறியக் காலை நோக்குதல் வேண்டும். வெளிவிரல் பின்னோக்கித் திரும்பும். ஆதலின் முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நின்று வழுக்கும் மீனை இறுகப் பற்றும். உள்ளங்காலில் முள் போன்ற செதில்கள் உள்ளன. நீருட் பாயுங்கால் மூக்குத் துளைகள் மூடிக்கொள்ளும். பற்றிய மீனைத் தலை முன்னாக நீளவாக்கில் ஏந்திப் பறக்கும். 1758இல் லின்னேயஸ் கழுகு, பருந்து, வல்லூறு ஆகியவற்றோடு இதனையும் ஒரே பேரினத்துள் அடக்கினார். 1809இல் பிரெஞ்சு அறிஞர் சாவிஞி இதற்கெனப் பாண்டியன் என்னும் தனிப் பேரினம் வகுத்தார். (அப்பெயர் கிரேக்கப் பழங்கதை மன்னனுடையது, நம் மதுரையார் மகிழ்வதற்கு இடமில்லை.) இன்று பறவையியலார் பலரும் இதனைத் தனிக் குடும்பமாகவே கொள்கின்றனர்.

உகிரால் இரை பற்றும் பறவைகளை விலக்கிய நபிமொழியை ஈண்டு நினைவுகூரலாம். அதன்வழி மார்க்கச் சட்ட அறிஞர் பெரும்பாலோர் உகிரையே அளவுகோலாகக் கொண்டனர். மீன் ஆகுமானது என்பதால் அதனை உண்ணும் வேட்டைப் பறவையும் ஆகுமானதாகிவிடாது. உணவைவிட உறுப்பே இனம் காட்டும் என்னும் தெளிவு அங்கும் உண்டு.

எனினும் உணவைப் புறக்கணித்தலும் தகாது. மீனையே நம்பிய இப்பறவைக்கு நீரில் கலந்த நஞ்சு நேரே வந்து சேரும். டி.டி.டி. பூச்சிக்கொல்லி மீன்வழி உடலேற, முட்டையோடு மெலிந்து உடைந்தது. அமெரிக்காவில் இவ்வினம் பெரிதும் அருகியது. 1972இல் அங்கு அம்மருந்து தடை செய்யப்பட்ட பின்னரே மீட்சி தொடங்கிற்று. பொதுவாகக் கழுகு என்றெழுதினால் இவ்வரலாறு மாணவர்க்கு விளங்குமா?

பழவேற்காட்டிற்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் விராலடிப்பான் வருகிறது. அவ்வூர் மீனவர் இதனை எப்பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேட்டெழுதும் பணியை நம் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளலாம். முதியவர் பலர் இன்னும் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டுதான் இருக்கின்றனர்.