கடனை மாற்றினால் வீடு தப்புமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்றார்கள் பெரியவர்கள். இந்தக் காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார்!

கையிலிருந்த பணத்தைக் கொண்டு வீடு கட்டியவர்கள் கொஞ்சம். பாங்கியில் பத்திரத்தை வைத்து, 20 வருஷம், 25 வருஷம் தவணை கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவர்களே அதிகம். அந்தத் தவணை தவறினால் என்ன ஆகும்? வேறு பாங்கிக்குக் கடனை மாற்றிக்கொண்டால் தப்பலாமா? நடுத்தரக் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி இதுதான்.

வட்டி ஏறிய கதை

2022-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், ரிசர்வ் பாங்கி மற்ற பாங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு வட்டி 4 சதவிகிதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் அது 6.50 ஆகிவிட்டது. ஒன்பதே மாதங்களில் இரண்டரை சதவிகிதம் ஏற்றம்! மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் தலையில் இந்தச் சுமை இறங்கியது. பலருக்கு மாதத் தவணை கூடவில்லை. ஆனால் கட்டவேண்டிய வருஷங்கள் கூடிவிட்டன. 55 வயதில் தீரும் என்று நினைத்த கடன், 60-ஐத் தாண்டியும் தொடரும் என்று பின்னால்தான் தெரிந்தது.

இதைக் கவனித்த ரிசர்வ் பாங்கி, 2023 ஆகஸ்டில் ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். 2025 பிப்ரவரியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50 ஆயிற்று. ஆனால் பழைய கணக்கு முறையில் கடன் வாங்கியவர்களுக்கு இந்த இறக்கம் மெதுவாகத்தான் வந்து சேருகிறது. அங்கேதான் "கடன் மாற்றம்" உதவுகிறது.

லாபம் எவ்வளவு?

30 லட்சம் ரூபாய் கடன். 20 வருஷம் பாக்கி. வட்டி ஒன்பதரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 27,960 ரூபாய். எட்டரை சதவிகிதத்துக்கு மாற்றினால் சுமார் 26,030 ரூபாய். மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் மிச்சம். 20 வருஷத்தில் நாலரை லட்சத்துக்கும் அதிகம். சின்னத் தொகையா இது?

மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர்கள் முன்கூட்டித் தீர்த்தால் பாங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் பாங்கி சொல்லிவிட்டது. ஆகவே பழைய பாங்கி தடுக்க முடியாது. ஆனால் புதிய பாங்கியில் மனுக் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திரம் ஒப்படைக்கும் பதிவுச் செலவு எல்லாம் உண்டு. இவற்றைக் கழித்துப் பார்த்த பிறகே லாபத்தைச் சொல்லவேண்டும்.

இனிப்பான பொறி

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 20 லட்சம் கடன், 15 வருஷம் பாக்கி, வட்டி ஒன்பதரை. தவணை சுமார் 20,880 ரூபாய். "வட்டியை எட்டரை ஆக்குகிறோம், காலத்தை 25 வருஷமாக்குகிறோம்" என்று ஒருவர் சொல்கிறார். தவணை 16,100-க்கு இறங்கிவிடுகிறது. மாதம் 4,700 ரூபாய்க்கு மேல் மூச்சு விடலாம். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் மொத்தத்தில் கட்டுவது என்ன? முன்பு சுமார் 37 லட்சத்து 59 ஆயிரம். இப்போது 48 லட்சத்து 31 ஆயிரம்! வட்டி குறைந்தும், பத்து லட்சத்துக்கு மேல் கூடுதல். வீடு ஏலம் போகும் நிலையில் இதுவும் ஒரு வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது விலை கொடுத்து வாங்கும் அவகாசம் என்று தெரிந்து வாங்கவேண்டும்.

தொண்ணூறு நாள்

சட்டம் என்ன சொல்கிறது? தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால், அது வாராக் கடன். பிறகு 2002-ம் வருஷத்து "சர்ஃபாசி" சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கி நடவடிக்கை எடுக்கலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ். அதற்கு ஆட்சேபம் எழுதினால், பாங்கி 15 நாளில் பதில் தரவேண்டும். அதன் பின் வீட்டைக் கைவசப்படுத்தலாம். அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம். ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு.

கடைசி நேரத்தில் பணத்தைப் புரட்டிக் கட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. ஏலத்தில் மிச்சம் வந்தால் அது கடன்காரருக்குத் திரும்பும். குறை விழுந்தால் அதையும் அவரிடமே வசூலிக்கலாம். வீடும் போய், கடனும் நிற்கலாம்!

மருந்து யாருக்கு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தவணை தவறியதெல்லாம் கடன் சரித்திரத்தில் பதிந்துவிடுகிறது. நோட்டீஸ் வந்த பிறகு வேறு பாங்கியில் போய் நின்றால், அந்தச் சரித்திரத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதாவது, கடன் மாற்றம் என்ற மருந்து ஆரோக்கியமாக இருப்பவனுக்குக் கிடைக்கிறது, நோயாளிக்குக் கிடைப்பதில்லை.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. 1933-ல் அங்கே தினம் ஏறக்குறைய ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்த வருஷம் ஜூன் மாதம், வீட்டுக் கடனுக்கென்றே ஒரு சர்க்கார் கார்ப்பரேஷனை ஏற்படுத்தினார். தவணை கட்ட முடியாமல் திணறியவர்களின் கடனைத்தான் அது ஏற்றது! பழைய கடன்கள் மூன்று, ஐந்து வருஷக் கடன்கள். முடிவில் அசலை மொத்தமாகக் கேட்பவை. அவற்றை 15 வருஷத் தவணையாக, 5 சதவிகித வட்டியில் மாற்றியது. மூன்று வருஷத்தில் சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு 300 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது.

அதிலும் ஐந்தில் ஒரு வீடு பிறகு கைவிட்டுப் போயிற்று. கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளை ஆபத்தானவை என்று சிவப்பு வர்ணம் தீட்டி இந்தக் கார்ப்பரேஷன் படம் போட்டதும் ஒரு களங்கம். ஆனால் ஐந்தில் நாலு பேர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1951-ல் கணக்கை முடித்தபோது, சர்க்காருக்கு நஷ்டமில்லை. கொஞ்சம் லாபமே மிஞ்சியது.

2008 நெருக்கடிக்குப் பின், 2009-ல் அங்கே இன்னொரு திட்டம் வந்தது. 2018-ல் முடிவதற்குள் 34 லட்சம் கடன்கள் மாற்றப்பட்டன. ஆனால் தவணை தவறாதவர்களுக்கே அதில் இடம். நோயாளி மறுபடியும் வெளியே நின்றான்.

செய்யவேண்டியது என்ன?

வேலை போன ஒருவனையும், ஏமாற்றவென்றே கடன் வாங்கிய ஒருவனையும் நம் சட்டம் ஒரே தராசில் நிறுக்கிறது. வேலை போனவன் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கக் கைகொடுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தபின் பாங்கிக்குக் கிடைக்கும் ஏலப் பணத்தைவிட, நிதானமாக வரும் தவணை பெரும்பாலும் லாபம் என்பதை 1933-ன் அனுபவம் காட்டுகிறது.

அந்த ஏற்பாடு வரும்வரை, கடன் வாங்கியவர்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். முதல் தவணை தவறும் முன்பே பாங்கி மானேஜரைப் பாருங்கள். வட்டியைக் குறைக்க எழுத்து மூலம் கேளுங்கள். அவர் மறுத்தால், கணக்குச் சுத்தமாக இருக்கும்போதே வேறு பாங்கிக்குப் போங்கள். நோட்டீஸ் வந்தால் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அன்றே பிரித்துப் படியுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு வீட்டிலுள்ளவர்களிடம் மறைத்தவர்களின் வீடுகளே முதலில் ஏலத்துக்கு வருகின்றன.